ஊசியை மட்டும் மாற்றுவதா, கார்ட்ரிட்ஜையே மாற்றுவதா? டர்ன்டேபிளின் ஒலியை மேம்படுத்தும் வழிகள் குறித்த ஓர் ஒப்பீடு

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் கடைசியாக வரும் பாடலைக் கவனித்துக் கேட்டால், டர்ன்டேபிளின் ஊசி எப்படிப்பட்டது, எந்த நிலையில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பக்கத்தின் தொடக்கத்தில் தெளிவாக இருந்த குரல், நடுவிலுள்ள லேபிளை ஊசி நெருங்க நெருங்கக் கரகரக்கத் தொடங்குகிறது. ‘ச’, ‘ஷ’, ‘ஸ’ ஆகிய எழுத்துகள் வரும் இடங்களில் ஒலி சிதறித் தெறிக்கிறது. வயலினின் மேல் ஸ்தாயி நாதமாக ஒலிக்காமல் உரசலாகக் கேட்கிறது. பழைய தட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பல ஆண்டுகள் நானும் நம்பியிருந்தேன். தட்டில் அந்த ஒலி நன்றாகவே பதிவாகியிருக்கிறது, ஊசியின் முனைதான் அதைப் படிக்க முடியாமல் திணறுகிறது என்பது, வேறொரு முனையில் அதே தட்டைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஒலியை மேம்படுத்த நினைப்பவர் முன் இருக்கும் வழிகள் நான்கு. இப்போதிருக்கும் ஊசியின் அதே வகையில் புதியது வாங்கலாம். அதே கார்ட்ரிட்ஜில், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டியில், சற்று உயர்ந்த, முழு வைரத்தாலான நீள்வட்ட முனையைப் பொருத்தலாம். இன்னும் மேலே சென்று மைக்ரோலைன், ஷிபாட்டா போன்ற நுண்ணிய முனைகளுக்கு மாறலாம். அல்லது கார்ட்ரிட்ஜையே கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். இவற்றுள் இரண்டாவது வழிதான் நடுநிலையானதாகவும் பாதுகாப்பானதாகவும் தோன்றுவதால் பலரும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். என் கருத்து வேறு. கையிலிருக்கும் கார்ட்ரிட்ஜ் இடம் கொடுக்குமானால், சாதாரண முனையிலிருந்து நேரடியாக நுண்ணிய முனைக்குச் செல்வதே நல்ல முடிவு. நடுப்படியில் நிற்பதற்குக் குறிப்பான காரணம் இருந்தால் மட்டுமே அங்கே நிற்க வேண்டும். அதற்கான காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாங்குவதற்கு முன்

குறை உண்மையிலேயே முனையில்தான் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வைரத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் தூசியும் பிசுக்கும், நல்ல ஊசியையும் மோசமான ஊசியைப்போல ஒலிக்கச் செய்துவிடும். மெல்லிய தூரிகையால் பின்னாலிருந்து முன்னோக்கி, அதாவது தட்டு சுழலும்போது ஊசியைக் கடந்து செல்லும் அதே திசையில், மென்மையாகத் துடைத்தாலே சில வேளைகளில் ஒலி வியக்கத்தக்க அளவு தெளிந்துவிடுகிறது. பக்கவாட்டிலோ எதிர்த்திசையிலோ துடைத்தால், வைரத்தைத் தாங்கும் கான்டிலிவர் வளைந்துவிடக்கூடும்.

அடுத்தது ஊசி அழுத்தம். தயாரிப்பாளர் சொல்லும் எல்லைக்குக் கீழே அழுத்தத்தைக் குறைத்தால் தட்டு தேயாமல் இருக்கும் என்று எண்ணி, 1.8 கிராம் வைக்க வேண்டிய கார்ட்ரிட்ஜை 1.2 கிராமில் வைத்துச் சில மாதங்கள் நான் ஓட்டியிருக்கிறேன். நடந்தது நேர்மாறானது. அழுத்தம் போதாத ஊசி, உரத்த இடங்களில், இசை பதிந்திருக்கும் பள்ளத்தின் சுவரோடு தொடர்பை இழந்து துள்ளி, மீண்டும் சுவரில் வந்து மோதுகிறது. அந்த மோதல்தான் தட்டைச் சிதைக்கிறது. அப்படிச் சிதைந்த ஒரு தட்டில், உச்சஸ்தாயியில் குரல் ஏறும் ஓரிடம் இன்றும் கரகரக்கிறது. எந்த ஊசியாலும் அதை இனி மீட்க முடியாது. எனவே, எல்லைக்குள் சற்று அதிகமாக இருக்கும் அழுத்தம், எல்லைக்குக் கீழே இருக்கும் அழுத்தத்தைவிட எப்போதும் பாதுகாப்பானது. டோன்ஆர்மின், அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையின், எடைக்கல்லில் அச்சிட்டிருக்கும் எண்களை மட்டும் நம்பாமல், ஊசிக்கென்றே விற்கப்படும் சிறிய டிஜிட்டல் தராசில் அளந்து பார்ப்பது நல்லது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பக்கத்தின் இறுதியில் ஒலி சிதறுமானால், முனை தேய்ந்திருக்க வேண்டும், அல்லது அதன் வடிவமே அந்த வேலைக்குப் போதாததாக இருக்க வேண்டும். தேய்ந்த முனையை நூறு, இருநூறு மடங்கு பெருக்கிக் காட்டும் நுண்ணோக்கியில் பார்த்தால், வளைவாக இருக்க வேண்டிய பக்கங்களில் தட்டையான முகங்கள் பளபளப்பது தெரியும். அந்த முகங்களின் ஓரங்கள் உளியைப்போலக் கூர்மையானவை. அப்படிப்பட்ட ஊசியை ஒரு தட்டின்மீதும் வைக்கக் கூடாது.

பள்ளத்துக்குள் நடப்பது என்ன

முனையின் வடிவம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது, பள்ளத்தின் அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டு, ஒரு சுற்றை முடிக்க 1.8 வினாடி எடுத்துக்கொள்கிறது. மையத்திலிருந்து ஏறக்குறைய 146 மி.மீ. தொலைவில் இருக்கும் வெளிப்பள்ளத்தில், ஊசி ஒரு வினாடிக்கு 51 செ.மீ. நீளத்தைக் கடக்கிறது. மையத்திலிருந்து 60 மி.மீ. தொலைவுக்கு வந்துவிட்டால், அதே ஒரு வினாடியில் 21 செ.மீ. மட்டுமே கடக்கிறது. சுழலும் வேகம் மாறவில்லை. ஆனால் அதே இசையை எழுதிவைப்பதற்குக் கிடைக்கும் இடம் பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் ஓர் அலை வெளிப்பள்ளத்தில் 51 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளமுடையதாக இருக்கும். உட்பள்ளத்தில் அது 21 மைக்ரான். 15,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு உட்பள்ளத்தில் கிடைப்பது வெறும் 14 மைக்ரான்.

இப்போது முனைகளின் அளவைப் பார்ப்போம். கூம்பு முனை அல்லது கோனிகல் என்று அழைக்கப்படும் எளிய ஊசியின் நுனி, 15 முதல் 18 மைக்ரான் ஆரமுள்ள ஓர் உருண்டை. அலையின் முழு நீளத்தைவிடப் பெரிய ஆரமுள்ள உருண்டை, அந்த அலையின் வளைவுக்குள் எப்படி இறங்க முடியும்? மேடுகளின் மேலாக உருண்டு போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அவ்வாறு தவறவிடும் நுண்ணிய வளைவுகள்தான் மேல் ஸ்தாயியின் தெளிவும், மெய்யெழுத்துகளின் கூர்மையும்.

இதைவிடக் கேடான விளைவு ஒன்றும் உண்டு. தட்டின் மூலப்பதிவை வெட்டும் கருவி உருண்டையானது அன்று. அது தட்டையான முகமும் கூரிய விளிம்புகளும் கொண்ட உளி. அந்த உளி ஆரத்தின் திசையிலேயே அகலமாக நின்று வெட்டுவதால், பள்ளம் பக்கவாட்டில் சாயும் இடங்களிலெல்லாம், பள்ளத்தின் போக்குக்குச் செங்குத்தாக அளந்தால் அதன் அகலம் குறைந்துவிடுகிறது. குறுகிய இடத்துக்குள் நுழையும் உருண்டை மேலே தள்ளப்படுகிறது. ஓர் அலைக்கு இரண்டு முறை இப்படி ஏறி இறங்குகிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேலும் கீழுமான அசைவையும் ஒலியாகவே மாற்றுமாதலால், பதிவில் இல்லவே இல்லாத, இரு மடங்கு அதிர்வெண் கொண்ட ஓர் ஒலி இசையோடு கலந்துவிடுகிறது. பக்கத்தின் இறுதியில் நாம் கேட்கும் கரகரப்பில் ஒரு பகுதி இப்படி உண்டாவது.

நீள்வட்ட முனை, அதாவது எலிப்டிகல், இந்தச் சிக்கலுக்குப் பாதி விடை. பள்ளத்தின் குறுக்கே 18 மைக்ரான் ஆரமும், சுவரைத் தொடும் பக்கங்களில் 8 மைக்ரான் ஆரமும் இருக்குமாறு அது தீட்டப்பட்டிருக்கிறது. பக்க ஆரம் சிறியதாக இருப்பதால் குறுகிய வளைவுகளுக்குள் அது நுழைகிறது. மேலே தள்ளப்படுவதும் குறைகிறது. ஆனால் சுவரைத் தொடும் பரப்பும் சுருங்கிவிடுவதால், ஒன்றரை, இரண்டு கிராம் அழுத்தம் முழுவதும் மிகச் சிறிய புள்ளியில் குவிகிறது. அதன் விலையை வைரமும் பள்ளமும் தேய்மானமாகச் செலுத்துகின்றன.

முழு விடை 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜேவிசி நிறுவனத்தில் பிறந்தது. சிடி-4 என்னும் நான்கு தட ஒலிமுறையில், மனிதக் காதுக்கு எட்டாத 30,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றைப் பள்ளத்திலிருந்து படிக்க வேண்டியிருந்தது. அன்றைய நீள்வட்ட முனைகளால் அது முடியவில்லை. அங்கு பணியாற்றிய நோரியோ ஷிபாட்டா உருவாக்கிய முனை, சுவரை ஒரு புள்ளியாகத் தொடாமல், மேலிருந்து கீழாக ஓடும் ஒரு மெல்லிய கோடாகத் தொட்டது. பள்ளம் போகும் திசையில் தொடும் இடம் மிகக் குறுகியது. சுவரின் உயரத்தில் அது நீண்டது. குறுகியிருப்பதால் நுண்ணிய வளைவுகளைப் படிக்கிறது. நீண்டிருப்பதால் அழுத்தம் பரவித் தேய்மானம் குறைகிறது. நான்கு தடத் தட்டுகள் சில ஆண்டுகளிலேயே சந்தையிலிருந்து மறைந்துபோயின; அவற்றுக்காகப் பிறந்த முனையோ சாதாரண ஸ்டீரியோ தட்டுகளுக்குக் கிடைத்த பெரும் கொடையாக நிலைத்துவிட்டது. லைன் கான்டாக்ட் என்னும் பொதுப்பெயரில் இன்று கிடைக்கும் மைக்ரோலைன், ஃபைன் லைன் முதலிய முனைகள் யாவும் இந்த எண்ணத்தின் வழிவந்தவை.

ஒரே உடல், பல முனைகள்

மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜ்களில் ஊசிப்பகுதி தனியாகக் கழன்று வரும். காந்தமும் கான்டிலிவரும் வைரமும் அந்தச் சிறு பகுதியில் இருக்கின்றன. கம்பிச்சுருள் மட்டும் உடலில் தங்கிவிடுகிறது. உடலை அப்படியே வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் உயர்த்த முடிவது இந்த அமைப்பினால்தான். ஒலியின் தரத்தைத் தீர்மானிக்கும் அசையும் பாகங்கள் எல்லாம் ஊசிப்பகுதியில் இருப்பதால், அதை மாற்றுவது ஏறத்தாழ கார்ட்ரிட்ஜை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

எந்த உடல் எந்த ஊசியை ஏற்கும் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆடியோ-டெக்னிகா நிறுவனம் 2018-இல் வெளியிட்ட விஎம்95 கார்ட்ரிட்ஜ் வரிசை இதற்கு மிக ஏற்ற எடுத்துக்காட்டு. கூம்பு முனை, ஒட்டப்பட்ட நீள்வட்ட முனை, முழு வைர நீள்வட்ட முனை, மைக்ரோலைன், ஷிபாட்டா ஆகிய எல்லாமே ஒரே உடலில் பொருந்தும். அழுத்தமும் எல்லாவற்றுக்கும் 2 கிராம்தான். ஆர்டோஃபான் நிறுவனத்தின் 2எம் வரிசையில் நிலைமை சற்று வேறு; அதன் கார்ட்ரிட்ஜ்கள் நிறங்களின் பெயரால் அழைக்கப்படுகின்றன. ரெட் உடலில் ப்ளூ ஊசி பொருந்தும். ப்ராண்ஸ் (Bronze), பிளாக் இரண்டும் தங்களுக்குள் ஊசியை மாற்றிக்கொள்ளும். ஆனால் ரெட் வைத்திருப்பவர் பிளாக்கின் ஷிபாட்டா முனையை விரும்பினால் உடலோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். ஆகவே, ரெட் உடலிலிருந்து ஊசியை மட்டும் மாற்றி ஏறக்கூடிய உயரத்துக்கு நிறுவனமே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது; அதன் பழைய கார்ட்ரிட்ஜ்களை வைத்திருப்பவர்களுக்கு ஜப்பானின் ஜிகோ நிறுவனம் தயாரிக்கும் மாற்று ஊசிகள் கைகொடுக்கின்றன. அவற்றுள் எஸ்ஏஎஸ் என்னும் நுண்ணிய முனையும் உண்டு.

பழைய கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் தயாரிக்கப்பட்டு, பெட்டியே பிரிக்கப்படாத மூல ஊசி என்று விற்கப்படுவதைக் கண்டால் மனம் கவரப்படுவது இயல்பு. வைரம் காலத்தால் கெடுவதில்லை. ஆனால் கான்டிலிவரைப் பிடித்திருக்கும் ரப்பர், பயன்படுத்தாமலேயே இறுகிவிடும். இறுகிய ரப்பர் ஊசியைத் தன்னிச்சையாக அசைய விடாது. அத்தகைய ஊசியைவிட, இன்று தயாரிக்கப்பட்ட ஒரு நல்ல மாற்று ஊசியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அதே வகையில் புதியது

இந்த வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுப் பழகிய ஒலியில் நிறைவு இருந்து, ஊசி தேய்ந்துவிட்டது என்பதே ஒரே குறையாக இருந்தால், அதே ஊசியைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். தேய்ந்த ஊசியிலிருந்து புதிய ஊசிக்கு மாறும்போது கேட்கும் வேறுபாடு, பல வேளைகளில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும் வேறுபாட்டைவிடப் பெரிது. உயர்ந்த ஊசிக்கு மாறியதால்தான் ஒலி இப்படித் தெளிந்தது என்று மகிழ்பவர்கள் சிலர், உண்மையில் தேய்ந்த ஊசியைத் தூக்கி எறிந்த பயனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேர்மையாக ஒப்பிட விரும்புபவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முழு வைர நீள்வட்ட முனை

தொடக்க நிலை ஊசிகளில், ஒரு சிறிய உலோகத் தண்டின் நுனியில் வைரத்துணுக்கை ஒட்டியிருப்பார்கள். உயர்ந்த ஊசிகளில் தண்டே இல்லாமல், முழுவதும் ஒரே வைரமாக இருக்கும்; இதை நியூட் என்பார்கள். அசையும் எடை குறைவதே இதன் பயன். கான்டிலிவரின் நுனியில் குறையும் எடை மில்லிகிராமின் சிறு பகுதியே என்றாலும், ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாற வேண்டிய பொருளுக்கு அது பெரிய விடுதலை. முழு வைரங்கள் பொதுவாக மேலும் கவனமாகத் தீட்டப்படுவதால், இரு பக்கங்களும் ஒத்திருப்பதும் அதிகம்.

கேட்கும்போது இது எவ்வாறு வெளிப்படுகிறது? கஞ்சிரா, சிம்பல் போன்றவற்றின் தொடக்க ஒலி துல்லியமாகிறது. பல கருவிகள் ஒன்றாக ஒலிக்கும் இடத்தில் அவற்றைப் பிரித்தறிவது எளிதாகிறது. ஆனால் பக்கத்தின் கடைசிப் பாடலுக்கு வரும்போது, முன்னேற்றம் எதிர்பார்த்த அளவு இருப்பதில்லை. காரணம் எளியது. ரெட், ப்ளூ இரண்டிலும் முனையின் அளவு 8-க்கு 18 மைக்ரான்தான். எடை குறைந்திருக்கிறதே தவிர, பள்ளத்தைத் தொடும் வடிவம் மாறவில்லை. உட்பள்ளத்தின் கரகரப்பு வடிவத்தால் வரும் சிக்கல் என்பதால், அதே வடிவத்தின் மேம்பட்ட பதிப்பு அதைத் தணிக்குமே தவிரத் தீர்க்காது. நடுப்படியில் நிற்க வேண்டாம் என்று முன்பே நான் சொன்னதற்கு இதுவே முதற்காரணம்.

மைக்ரோலைனும் ஷிபாட்டாவும்

விஎம்95 வரிசையின் மைக்ரோலைன் முனையில், சுவரைத் தொடும் பக்கத்தின் ஆரம் ஏறக்குறைய 3 மைக்ரான்; ஷிபாட்டா முனையில் ஆறரை மைக்ரானுக்குச் சற்று மேல். 14 மைக்ரான் அலைக்குள் 3 மைக்ரான் முனை எவ்வளவு இயல்பாக நுழையும் என்பதை மேலே சொன்ன கணக்கிலிருந்தே உணரலாம். முதன்முறையாக இப்படிப்பட்ட முனையில் ஒரு குரலிசைத் தட்டின் கடைசிப் பாடலைக் கேட்டபோது, பாடகரின் ‘ஷ’ ஒலி ஒரே இடத்தில், வாயிலிருந்து வருவதுபோல நின்றதைக் கேட்டு, ஊசியைத் தூக்கி மீண்டும் அதே இடத்தில் வைத்தேன். அந்தத் தட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக என்னிடம் இருந்தது.

இந்த முனைகளின் இன்னொரு நன்மை, பயன்படுத்திய தட்டுகளை வாங்குபவர்களுக்குரியது. கூம்பு முனையும் நீள்வட்ட முனையும் சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டுமே தொட்டு அங்கேயே தேய்த்திருக்கும். சுவரின் நெடுகத் தொடும் நுண்ணிய முனை, அந்தத் தேய்ந்த பட்டைக்கு மேலும் கீழும் இருக்கும், யாரும் தொடாத பகுதிகளையும் படிக்கிறது. கைவிடப்பட்ட நிலையில் இருந்ததாக எண்ணிய தட்டுகள் சில உயிர்பெறுவது இதனால்தான். எல்லாத் தட்டுகளுக்கும் இது நிகழாது. தேய்ந்த ஊசியால் ஆழமாகக் கீறப்பட்ட தட்டில், நீள்வட்ட முனை மழுப்பிக் காட்டிய சேதத்தை நுண்ணிய முனை அப்பட்டமாகக் காட்டிவிடும். பள்ளத்தின் ஆழத்தில் படிந்திருக்கும் அழுக்கையும் அது தொடுவதால், தட்டுகளை ஈரத்தில் கழுவும் பழக்கம் இல்லாதவர்களுக்குத் தொடக்கத்தில் இரைச்சல் கூடியதுபோலத் தோன்றலாம். சிலமுறை கழுவியபின் அது அடங்கிவிடும்.

மைக்ரோலைன், ஷிபாட்டா இரண்டுக்கும் இடையில் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு, என் காதில் மைக்ரோலைன் உட்பள்ளத்தில் சற்றுக் கூடுதல் தெளிவோடும், ஷிபாட்டா மேல் ஸ்தாயியில் சற்று மென்மையோடும் ஒலிக்கின்றன என்பதே என் விடை. ஆடியோ-டெக்னிகா தரும் மதிப்பீட்டின்படி மைக்ரோலைனின் ஆயுளும் அதிகம். இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க முடியுமென்றால் நான் மைக்ரோலைனையே வாங்குவேன்.

ஆயுளையும் விலையையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு

ஊசியின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள், அது எத்தனை மணிநேரம் ஓடும் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. ஆடியோ-டெக்னிகா தன் ஊசிகளுக்குக் கூறும் தோராயமான ஆயுள் இவ்வாறு அமைகிறது: நீள்வட்ட முனைக்கு 300 மணிநேரம், கூம்பு முனைக்கு 500, ஷிபாட்டாவுக்கு 800, மைக்ரோலைனுக்கு 1,000. பிற தயாரிப்பாளர்கள் வேறு அளவுகோல்களைக் கொண்டிருக்கலாம். தட்டுகளின் தூய்மையும் இந்த எண்ணிக்கையைப் பெரிதும் மாற்றும். எனினும் ஒரே நிறுவனம் ஒரே அளவுகோலால் அளந்து சொல்லும் விகிதம் என்பதால் ஒப்பீட்டுக்கு இது பயன்படும்.

நாளொன்றுக்கு ஒரு தட்டின் இரு பக்கங்களையும், அதாவது ஏறத்தாழ 40 நிமிடம் கேட்பவருக்கு, 300 மணிநேரம் என்பது 450 நாள். 1,000 மணிநேரம் என்பது 1,500 நாள், நான்கு ஆண்டுகளுக்கும் மேல். அப்படியானால் மைக்ரோலைன் ஊசி நீள்வட்ட ஊசியைப்போல மூன்று மடங்கு விலையுடையதாக இருந்தாலும், ஒரு மணிநேரக் கேட்புக்கு ஆகும் செலவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. முழு வைர நீள்வட்ட முனையை இதே கணக்கில் வைத்துப் பார்த்தால் அதன் நிலை இன்னும் இறங்குகிறது. அது ஒட்டுமுனையைவிட விலை கூடியது. ஆனால் வடிவம் நீள்வட்டமே என்பதால் தேயும் இயல்பு அதோடு ஒத்தது. இடைப்படியைத் தவிர்க்கச் சொல்லும் என் இரண்டாவது காரணம் இது.

நுண்ணிய முனை கேட்கும் விலை: பொருத்தும் பொறுமை

இவ்வளவு நன்மைகளைச் சொன்னபின், இந்த முனைகள் எதிர்பார்க்கும் துல்லியத்தையும் சொல்லியாக வேண்டும். உருண்டையை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் அது உருண்டையாகவே இருக்கும். அதனால் கூம்பு முனை தவறான பொருத்தத்தைப் பெருமளவு பொறுத்துக்கொள்கிறது. கோடாகத் தொடும் முனையோ, சுவருக்குச் சரியான கோணத்தில் நின்றால்தான் கோடாகத் தொடும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும், இரு சுவர்களையும் வெவ்வேறு கணத்தில் தொட்டு, வாங்கியதன் பயனை இழக்கச் செய்துவிடும்.

எனவே, இரு புள்ளிகள் குறிக்கப்பட்ட சீரமைப்பு அட்டையைத் தட்டின் இடத்தில் வைத்து, கார்ட்ரிட்ஜை டோன்ஆர்மின் நுனியிலுள்ள ஹெட்ஷெல்லில் முன்னும் பின்னும் நகர்த்தியும் திருப்பியும், இரு புள்ளிகளிலும் கான்டிலிவர் கோட்டோடு இணையாக நிற்கும்படி செய்ய வேண்டும். கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்த்து இணை பிடிக்காமல், கான்டிலிவரையே பார்த்துப் பிடிக்க வேண்டும். அது உடலோடு ஒப்பிட மிகச் சிறிது கோணலாகப் பொருத்தப்பட்டிருப்பது அரிதன்று. பேர்வால்ட் என்னும் கணிப்பு முறையில் அந்தப் புள்ளிகள் மையத்திலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. அளவில் அமைகின்றன, ஸ்டீவன்சன் முறையில் 60 மி.மீ., 117 மி.மீ. அளவில். பின்னது உட்பள்ளத்துக்குச் சலுகை காட்டுவது. ஜப்பானிய டோன்ஆர்ம்கள் பல அதைத் தழுவியவை. பக்கத்தின் இறுதியே தன் பெரிய கவலையாக இருப்பவர் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

டோன்ஆர்மின் உயரத்தைப் பற்றி மட்டும் அளவுக்கு மீறி வருந்த வேண்டாம். ஏறக்குறைய 23 செ.மீ. நீளமுள்ள டோன்ஆர்மின் பின்புறத்தை 4 மி.மீ. உயர்த்தினால்தான் ஊசியின் சாய்வு ஒரு பாகை மாறுகிறது. தட்டுக்குத் தட்டு தடிமன் மாறுவதால் நேரும் கோண வேறுபாடு அதில் மிகச் சிறிய பங்கே. டோன்ஆர்ம் தட்டுக்கு இணையாக இருக்குமாறு தொடங்கி, காதின் துணையோடு சிறிது திருத்தினால் போதும்.

சில டர்ன்டேபிள்களில் கார்ட்ரிட்ஜ் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அழுத்தத்தையோ கோணத்தையோ மாற்ற இயலாது. அத்தகைய டர்ன்டேபிள் வைத்திருப்பவருக்கும், சீரமைக்கும் வேலையில் மனம் ஈடுபடாதவருக்கும் முழு வைர நீள்வட்ட முனையே சரியானது. நடுப்படியில் நிற்பதற்கான குறிப்பான காரணம் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். ஐந்தாறு கிராம் அழுத்தத்தில் செராமிக் கார்ட்ரிட்ஜோடு வரும், ஒலிபெருக்கி உள்ளடங்கிய பெட்டி வகை பிளேயர்களில், ஊசியை உயர்த்துவதால் பெரிய பயன் இல்லை. அங்கே செலவிட நினைக்கும் தொகையை வேறொரு டர்ன்டேபிளுக்காகச் சேர்த்துவைப்பதே நல்லது.

கார்ட்ரிட்ஜையே மாற்றுவது

உடலோடு மாற்றுவது என்றால் இரு திசைகள் உண்டு. ஒன்று, மற்றொரு மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ். கையிலிருக்கும் உடல் நுண்ணிய முனையை ஏற்காதபோது இது தேவைப்படும். அப்படி மாற்றும்போது, புதிய கார்ட்ரிட்ஜின் எடையும் நெகிழ்வும் டோன்ஆர்மின் எடையோடு இசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். இவை சேர்ந்து உண்டாக்கும் ஒத்ததிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைவது நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டுகளில் டோன்ஆர்ம் ஆடும். மேலே போனால் தாழ்ந்த ஒலிகளோடு மோதும். கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கும் போனோ பிரீஆம்பின் கெப்பாசிட்டன்ஸும், அதாவது மின்தேக்குத் திறனும், கவனத்துக்குரியது. விஎம்95-க்கு 100 முதல் 200 பிக்கோஃபாரட், 2எம் வரிசைக்கு 150 முதல் 300 பிக்கோஃபாரட் என்று தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள்; இணைப்புக் கம்பியின் அளவும் இதில் சேரும். அளவு மிகுந்தால் மேல் ஸ்தாயியில் தேவையற்ற ஒரு கூர்மை எழும். ஊசியை மட்டும் மாற்றுபவருக்கு இக்கவலைகள் ஏறக்குறைய இல்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மற்றொரு திசை மூவிங் காயில். இதில் கம்பிச்சுருளே கான்டிலிவரோடு அசைகிறது. காந்தம் நிலையாக இருக்கிறது. நல்ல மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் தரும் ஒலியின் ஒழுங்கும் அமைதியும் மறுக்க முடியாதவை. ஆனால் பெரும்பாலானவற்றின் வெளியீடு மிகக் குறைவு. மூவிங் மேக்னட்டில் சில மில்லிவோல்ட் என்றால், இதில் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழ். அதைப் பெருக்கத்தக்க போனோ பிரீஆம்ப் வேண்டும். ஊசி தேய்ந்தால் பயனரே கழற்றி மாற்ற முடியாது. முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்றவோ, கைதேர்ந்தவரிடம் கொடுத்துப் புதிய வைரம் பதிக்கவோ வேண்டும். இதோடு, முனையின் வடிவத்தை இங்கும் பார்த்தே வாங்க வேண்டும். 1960களில் ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் பயன்பாட்டுக்காக உருவாகி, இன்றும் தயாரிப்பில் இருக்கும் டெனான் டிஎல்-103, பலரும் போற்றும் மூவிங் காயில். ஆனால் அதன் முனை 16.5 மைக்ரான் ஆரமுள்ள கூம்பு. அதன் நடுஸ்தாயியின் செழுமையை நானும் விரும்புகிறேன். எனினும் பக்கத்தின் கடைசிப் பாடல் சிதறுகிறது என்ற குறையோடு வருபவருக்கு அது தீர்வாகாது. வகைப்பெயரை வைத்துத் தரத்தை முடிவுசெய்யலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டுகளை வைத்திருப்பவர்கள் இந்த ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்கக் கூடாது. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் பல மடங்கு அகலமானது. ஸ்டீரியோ ஊசி அதன் அடியில் இறங்கி அழுக்கையே படிக்கும். அதற்கு 65 முதல் 75 மைக்ரான் ஆரமுள்ள தனி ஊசி வேண்டும். விஎம்95 உடலிலேயே அதற்கான ஊசியும் பொருந்தும் என்பதால், ஊசியைக் கழற்றி மாட்டியே இருவகைத் தட்டுகளையும் கேட்கலாம். அழுத்தத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும்.

புதிய ஊசி வந்துசேர்ந்ததும், பழைய நீள்வட்ட ஊசி தேயாமல் இருந்தால் அதை எறிந்துவிட வேண்டாம். எங்கிருந்தோ வந்த, கழுவப்படாத, கீறல் விழுந்த தட்டை முதன்முறையாகக் கேட்டுப் பார்க்க அது பயன்படும்; அந்தத் தட்டு தகுதியானது என்று தெரிந்தபின், கழுவி, நுண்ணிய முனையில் கேட்கலாம். ஊசி வந்த உறையின்மீது அதைப் பொருத்திய நாளைக் குறித்துவைத்து, கேட்கும் பக்கங்களைத் தோராயமாகவேனும் கணக்கிட்டு வருவது நல்லது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் என்று கொண்டால், 1,000 மணிநேரம் என்பது 3,000 பக்கங்கள். 2,500 பக்கங்களைக் கடந்ததும் ஊசியை நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்க வேண்டும்.